அக்கா மகளின் மூக்குக்குள் ஓர் எலும்புக் கட்டி: கூடவே அலைந்த தாய்மாமன் எழுதுவது

சைனஸ் என்றால் சளி, தலைபாரம், ஆவி பிடிப்பது என்றுதான் நமக்குத் தெரியும். அந்தக் காற்றறைக்குள் எலும்பே கட்டியாக வளரும், அது குழந்தைக்கும் வரும் என்பதை, பாப்பாவுக்கு வருகிறவரை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சுற்றுவட்டாரத்தில் விசாரித்துப் பார்த்தோம், இதைக் கடந்து வந்த ஒரு குடும்பம்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அவர்கள் எங்களுக்கு என்ன சொல்லியிருப்பார்களோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பாப்பாவுக்குத் தாய்மாமன். நீடாமங்கலத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அத்தான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். டெல்டாவில் இது புதிதில்லை, எங்கள் தெருவிலேயே பல வீட்டு ஆம்பளைகள் வெளிநாட்டில்தான். அதனால் ஆஸ்பத்திரி, ஸ்கேன், ரயில் எல்லாம் அக்காவும் நானும்தான். அப்போது பாப்பா ஆறாம் வகுப்பு, 11 வயது.

முதலில் தெரிந்தது மூக்கடைப்பு. இடது பக்கம் மட்டும். அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார், நீர்க்கோவை மாத்திரை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார். பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் சைனஸ் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், சரியாகவில்லை என்று போனால் வேறு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். இப்படியே ஒரு வருஷத்துக்குப் பக்கமாக ஓடியது. மூக்குக்குள் டார்ச் அடித்துக்கூட அங்கே யாரும் பார்க்கவில்லை. பின்னால் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் சொன்னது: “ரெண்டு பக்கமும் மாறி மாறி அடைச்சா சளின்னு வச்சுக்கலாம். ஒரே பக்கம் மாசக்கணக்கா அடைச்சா உள்ள பார்த்தே ஆகணும், குழந்தைன்னா கண்டிப்பா.”

அப்புறம் இடது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. பள்ளி அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுத்தபோதுதான் அக்காவுக்கு உறைத்தது, இரண்டு கண்ணும் ஒன்றாக இல்லை என்று. போனில் இருந்த பழைய படங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தோம். முந்தைய தீபாவளிப் படத்திலேயே லேசாகத் தெரிந்தது. தினமும் பார்க்கிற முகத்தில் மெதுவாக நடக்கிற மாற்றம் நம் கண்ணுக்குப் படாது. டாக்டரிடம் போகும்போது பழைய படங்களைத் தேதியோடு எடுத்துப் போவது நல்லது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கணிக்க அவர்களுக்கு அது உதவுகிறது. அம்மா மட்டும் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். போடட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

தஞ்சாவூரில் கண் டாக்டர் செய்தது எளிமையான ஒரு காரியம். பாப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, தலையைச் சற்று அண்ணாத்தி, புருவத்துக்கு மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். இடது கண் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது அப்படிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். பார்வை நன்றாகத்தான் இருந்தது. “கண்ணுல கோளாறு இல்லம்மா. பக்கத்து அறையிலேர்ந்து எதுவோ தள்ளுது” என்று சி.டி. ஸ்கேனுக்கு எழுதினார்.

இந்தப் பக்கத்து அறை சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சைனஸ்கள் முக எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள். கன்னத்தில் உள்ளதும், இரண்டு கண்களுக்கும் நடுவில் உள்ள எத்மாய்டும் பிறக்கும்போதே சிறியதாக இருக்கின்றன. நெற்றியில் உள்ளது 6, 7 வயதுக்கு மேல்தான் படத்தில் தெரிய ஆரம்பித்து, பருவ வயது முழுக்க வளர்கிறது. எத்மாய்டுக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது தாள் கனமே உள்ள ஓர் எலும்புத் தகடு. மேலே இன்னொரு தகடு, அதற்கு அப்பால் மூளைச் சவ்வு. பாப்பாவின் கட்டி இருந்தது இடது எத்மாய்டில். ஆகவே அது புற்றுநோயே இல்லை என்றாலும், வளர்வதற்கு இடம் இல்லாமல் கண்ணையோ மூளைப் பக்கத்தையோ நெருக்கும்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதலில் ஃபிலிமும் ஒரு பக்க ரிப்போர்ட்டும்தான் கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் “சி.டி. எங்க?” என்றார்கள். நானும் ஃபிலிமை நீட்டினேன். அவர்கள் கேட்டது குறுந்தகடு. 1 மில்லிமீட்டரோ அதைவிட மெல்லியதாகவோ சீவிய படங்கள் மொத்தமும் டிஜிட்டலாக இருந்தால்தான், கணினியில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து ஆபரேஷனைத் திட்டமிட முடியும். ஆபரேஷன் நடக்கும்போது கருவியின் முனை எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டுகிற நேவிகேஷன் இயந்திரத்துக்கும் அதுதான் வேண்டும். குறுந்தகடு இல்லாவிட்டால் குழந்தைக்கு மறுபடி ஒரு ஸ்கேன், மறுபடி கதிர்வீச்சு. நல்லவேளை, அந்த ஸ்கேன் நிலையத்துக் கணினியில் படம் அழியாமல் இருந்தது. வாங்கியதும் பென்டிரைவில் ஒரு பிரதி போட்டுக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கும் போனோம். பெயர் வேண்டாம். படத்தைப் பார்த்த கையோடு, மூக்கின் ஓரத்தில் கண்ணை ஒட்டிக் கீறி எடுத்துவிடலாம், நாளைக்கே அட்மிட் ஆகுங்கள், முன்பணம் இவ்வளவு என்றார்கள். எனக்கு ‘முடிந்தால் சரி’ என்றுதான் இருந்தது. அக்கா கேட்டாள்: “என்ன கட்டின்னு தெரியாமயே எடுக்கலாமா சார்?” பதில் சரியாக வரவில்லை. கிளம்பி வந்துவிட்டோம். இந்த முழு விவகாரத்திலும் எங்கள் வீட்டில் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் சிறந்தது என்பேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் கேட்ட கேள்வி.

ஏனென்றால் குழந்தைகளின் சைனஸில் வருகிற எலும்புக் கட்டி எல்லாம் ஒரே ஜாதி இல்லை. புற்றுநோய் இல்லை என்று சொன்னதும் ஊரே நிம்மதியாகி, ‘அப்படின்னா விட்டுடு’ என்று ஒரு கூட்டமும் ‘அப்படின்னா சட்டுனு எடுத்துடு’ என்று ஒரு கூட்டமும் யோசனை சொல்ல வந்துவிடும். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு, பெயரைத் தெரிந்துகொள்ளும்வரை பேசாமல் இருக்க வேண்டும். சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் காத்திருந்த நாட்களில், பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துத்தான் இது எனக்குப் புரிந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், ஒரு கன்னம் மட்டும் மேடாக இருந்தது. அவனுக்கு ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. எலும்பு தன் இயல்பான கட்டமைப்பை விட்டு நாரும் பஞ்சுமாக மாறி வீங்குகிற நோய். சி.டி.யில் தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரியும், ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் நல்ல எலும்போடு கலந்துபோகும். ஜி.என்.ஏ.எஸ். என்ற மரபணுவில், பிறவிக்கு முன்பே உடம்பின் சில செல்களில் மட்டும் நடக்கிற மாற்றத்தால் வருவது, பெற்றோரிடமிருந்து வருவதல்ல. உடம்பில் காபி நிறத் திட்டு இருக்கிறதா, வயதுக்கு முன்னாலேயே பருவமடையும் அறிகுறி ஏதும் உண்டா என்றெல்லாம் அவனைச் சோதித்தார்கள், சிலருக்கு இவை சேர்ந்து வரும். அவனுக்கு டாக்டர் சொன்னது காத்திருக்கத்தான். வளர்ச்சிக் காலம் முடிந்ததும் பெரும்பாலும் வேகம் அடங்கிவிடும், பார்வை நன்றாக இருக்கும்வரை கண் நரம்புப் பக்கம் கை வைக்கக் கூடாது, முகம் ரொம்பக் கோணினால் பிற்பாடு சீவிச் சரிசெய்யலாம், அதுவரை கண் பரிசோதனையை விடாதீர்கள் என்றார். பையனின் அப்பாவுக்குக் கோபம். “இவ்ளோ தூரம் வந்தும் ஒண்ணும் பண்ண மாட்டேங்குறாங்க பாருங்க” என்றார். கத்தி வைக்காமல் இருப்பதும் வைத்தியம் என்று அவருக்குப் புரிய வைக்க ஆளில்லை. அந்த இடத்தில் டாக்டர்கள் இன்னும் ஐந்து நிமிஷம் செலவிட்டிருக்கலாம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்திருந்த பிளஸ் டூ பையன் பைக்கிலிருந்து விழுந்ததற்குத் தலை ஸ்கேன் எடுக்க, நெற்றி சைனஸில் ஆஸ்டியோமா தெரிந்தது. சைனஸில் வரும் புற்றுநோய் அல்லாத கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான், ஆனால் பெரும்பாலும் பெரியவர்களுக்கு. கெட்டி எலும்பு, மிக மெதுவாக வளரும், சைனஸின் வாயை அடைக்காமல், தலைவலி தராமல் இருந்தால் படமெடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவனுக்குத் தாடையிலும் ஒன்று இருந்தது. உடனே, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கார்ட்னர் நோய்க்குறி என்று ஒன்று இருக்கிறது. பல இடங்களில் ஆஸ்டியோமா, கூடுதல் பற்கள், இவற்றோடு பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்கள், அதாவது சிறு சதை வளர்ச்சிகள், சேர்ந்து வரும் பரம்பரை நோய். கவனிக்காமல் விட்டால் அந்தப் பாலிப்கள் புற்றுநோயாக மாறும். “தலையில அடிபட்டுச்சுன்னு வந்தா வயித்துல ட்யூப் விடணுங்கிறாங்க” என்று அவன் அம்மா என்னிடம் புலம்பினார். பெரியப்பா ஒருவர் சின்ன வயதிலேயே குடல் நோயில் போனது அதற்கப்புறம்தான் அவர் நினைவுக்கு வந்தது. குழந்தைக்கோ இளவயதுப் பிள்ளைக்கோ ஆஸ்டியோமா என்று சொன்னால், அதுவும் ஒன்றுக்கு மேல் இருந்தால், குடலைப் பற்றி நீங்களே கேட்டுவிடுங்கள்.

பாப்பாவுடையது மூன்றாவது வகை. சி.டி.யில் கட்டிக்கு ஓரம் தெளிவாக இருந்தது, சுற்றி முட்டை ஓடு கனத்தில் எலும்பு. மூக்கு வழியாகவே ஒரு துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் சீக்கிரம் வராது. எலும்பைச் சதைபோல அப்படியே சீவ முடியாது, சுண்ணாம்புச் சத்தை அமிலத்தில் ஊறவைத்துக் கரைத்த பிறகுதான் சீவ முடியும், அதற்கே நாள் பிடிக்கும். இதைச் சொல்லாததால் நாங்கள், ‘ஏதோ மோசமா இருக்கு, மறைக்கிறாங்க’ என்று பயந்துபோனோம். வந்த பெயர் சாமோமாடாய்ட் வகை ஜுவனைல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா. புற்றுநோய் அல்ல, வேறு இடத்துக்குப் பரவாது. ஆனால் இருக்கிற இடத்தில் முரட்டுத்தனமாக வளரும், மிச்சம் வைத்தால் திரும்ப வரும். அதனால் காத்திருக்கிற கட்டி இல்லை, முழுசாக எடுக்க வேண்டிய கட்டி. கதிர்வீச்சு கொடுத்துச் சுருக்கலாமா என்று அத்தான் யாரையோ கேட்டுவிட்டு போனில் சொன்னார். இம்மாதிரிக் கட்டிக்குக் கதிர்வீச்சு கூடாது, பிற்காலத்தில் அதுவே புற்றுநோயாகத் திரும்பக்கூடும் என்று டாக்டர் உறுதியாக மறுத்தார்.

இது அபூர்வ வகை என்பதால், பயாப்சித் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டையும், அதைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளையும் வாங்கி, இன்னொரு பெரிய மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் எங்கள் சர்ஜனே. எழுதிக் கொடுத்தால் லேப்பில் தருகிறார்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் வந்த பிறகுதான் தேதி.

பணம் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்கள் கார்டில் பாப்பா பெயரே இல்லை. அவள் பிறப்பதற்கு முன் எடுத்த கார்டு, ரேஷன் கார்டில் சேர்த்ததோடு எல்லாரும் மறந்துவிட்டோம். திருவாரூர் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய், வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் கொடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. நோய் வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே உங்கள் கார்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் சர்ஜன் எங்களை உட்கார வைத்து ஒரு தாளில் படம் வரைந்தார். மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாய் போகும். பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர் தடிமன், சின்னக் குழந்தைகளுக்கு 2.7. வைரத்தூள் பதித்த, ‘பர்’ என்கிற சுழலும் குடையும் முனை கொண்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே கட்டியின் நடுப்பகுதியைக் குடைவார்கள். கட்டியை முழுதாகப் பிடித்து இழுத்தால் கண் பக்கத்துத் தகடோ மூளை பக்கத்துச் சவ்வோ சேர்ந்து கிழியும். விளாம்பழத்தை உள்ளே குடைந்துவிட்டு அப்புறம் ஓட்டை உள்பக்கமாக மடக்கி எடுப்பது மாதிரி, மெல்லிய ஓடு மட்டும் மிஞ்சியதும் அதைத் துண்டு துண்டாக உரித்தெடுப்பார்கள். மேலே சவ்வு கிழிந்தால் அங்கேயே தொடைச் சதையுறையோ மூக்குத் தோலோ வைத்து அடைப்பார்கள்.

“மூக்கு வழியா முடியலைன்னா?” என்று கேட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவோம் என்றார். தலைமுடிக்குள் ஒரு காதிலிருந்து மறு காது வரை கீறி நெற்றித் தோலை இறக்கித் திறக்கிற முறை ஒன்று, புருவத்தையோ கண்ணோரத்தையோ ஒட்டிக் கீறுகிற முறை ஒன்று. நெற்றி சைனஸில் ஓரமாகவும் உயரத்திலும் இருக்கிற கட்டிக்கு அவை இன்றும் தேவைப்படும், எண்டோஸ்கோப் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதிலேயே முடிக்க நினைக்கக் கூடாது என்றார். அவர் இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. எல்லாம் சுலபம் என்று சொல்கிறவரைவிட, எங்கே சிக்கலாகும் என்று சொல்கிறவர் தேவலை.

பாப்பாவுக்கு வேறு கவலை. “மாமா, மொட்டை அடிச்சுடுவாங்களா?” என்று ராத்திரியெல்லாம் கேட்டாள். நான் சமாதானம் சொன்னால் நம்பவில்லை. மறுநாள் அவளையே டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். முடிக்குள் கீற வேண்டி வந்தாலும் ஒரு கோடு அளவுக்குத்தான் முடியை ஒதுக்குவோம், மொட்டை கிடையாது என்று அவர் அவளிடமே நேராகச் சொன்னார். அதற்கப்புறம் அடம் இல்லை. 11 வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும், அவர்கள் முன்னால் குசுகுசுவென்று பேசுவதுதான் பயத்தைக் கூட்டுகிறது.

தேதி ஒருமுறை தள்ளிப்போனது. ஹீமோகுளோபின் குறைவு. இவ்வகைக் கட்டியில் ரத்தப்போக்கு அதிகம் இருக்கும், சேமிப்பு இல்லாமல் ஆரம்பிக்க மாட்டோம் என்று இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். முருங்கைக்கீரையும் கொடுத்தோம், ஆனால் கீரையை நம்பி மாத்திரையை விடவில்லை. சளி, காய்ச்சல் வந்தாலும் மயக்க மருந்து டாக்டர் தள்ளிவைத்துவிடுவார், மூச்சுக்குழாய் அப்போது சிலிர்த்துக்கொண்டு நிற்கும் என்பதால். அதனால் அந்த இடைப்பட்ட நாட்களில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவளை அழைத்துப் போகவில்லை. வீட்டில் கொடுக்கிற லேகியம், சூரணம் எதுவானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிலவற்றுக்கு ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் குணம் உண்டு. ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து பையன்கள் மன்னை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்கள். கடையில் கடன் சொல்லி பிரேக் ஷூ வாங்கிப் போகிறவன்கூட வந்திருந்தான்.

இன்னொன்று, கையெழுத்து. தாய்மாமன் என்று ஊரில் எவ்வளவு மரியாதை இருந்தாலும் ஆஸ்பத்திரித் தாளில் அம்மாவோ அப்பாவோதான் போட வேண்டும். அக்கா ஒரு நிமிஷம்கூட அந்த இடத்தை விட்டு நகர முடியாது என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொண்டு, சாப்பாடு, மருந்து, ரத்த வங்கி ஓட்டத்துக்கெல்லாம் தனியாக ஒரு ஆள் வேண்டும்.

காலையில் உள்ளே போனவள் சாயங்காலம்தான் வந்தாள். காது மூக்கு தொண்டை, கண், நரம்பியல் அறுவை என்று மூன்று துறைக்காரர்களும் இருந்தார்கள். வெளியே கீற வேண்டி வரவில்லை, முழுவதும் மூக்கு வழியாகவே முடிந்தது. மேல்கூரையை ஒட்டிய இடத்தில் மட்டும், சவ்வு தெரிகிற அளவுக்குத் தேய்த்து நிறுத்தியதாகச் சர்ஜன் சொன்னார்.

முதல் ராத்திரி நர்ஸ் அம்மா மணிக்கொரு தடவை வந்து, டார்ச் அடித்து, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தூங்குகிற பிள்ளையை எதற்கு எழுப்புகிறார்கள் என்று எனக்கு எரிச்சல். காரணம் தெரிந்ததும் அடங்கிவிட்டேன். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து சேர்ந்தால், கண் கல்லாக இறுகி, வலித்து, பார்வை மங்கும். நிமிஷக் கணக்கில் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் நரம்பு போய்விடும். அப்படி ஏதும் தெரிந்தால் டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் கவனிக்கச் சொன்னது இரண்டு. குனிந்தால் மூக்கிலிருந்து நிறமில்லாத வெறும் தண்ணீர் போலச் சொட்டினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். சுத்தமான குப்பியில் பிடித்துக்கொண்டு போனால் சோதித்துச் சொல்வார்கள். அடுத்தது, கடும் தலைவலியோடு காய்ச்சல், கழுத்து மடங்காமல் விறைப்பது. எங்களுக்கு இரண்டும் வரவில்லை. முன்னால் தள்ளியிருந்த கண் பழைய இடத்துக்குத் திரும்பியதால் சில வாரம் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன, அது தானாகச் சரியாகிவிட்டது.

மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முக்கக் கூடாது, அதற்கு மலமிளக்கி கொடுத்திருந்தார்கள். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. தலையணை உயரமாக வேண்டும். இதெல்லாம் சொல்ல எளிது. தும்மலை அடக்காதே என்று பள்ளித் தோழிகளுக்குச் சேர்த்துப் பாடம் எடுத்தாள் அக்கா.

பெரிய வேலை, மூக்கைக் கழுவுவதுதான். உள்ளே ரத்தமும் சளியும் காய்ந்து பொருக்காகும். அதை உப்புத் தண்ணீரால் தினமும் கழுவ வேண்டும், சில மாதங்களுக்கு. பொட்டலமாக மருந்துக் கடையில் கிடைக்கிறது. வீட்டில் கலக்குவதென்றால் அரை லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு மட்டமாக ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும், கண்டிப்பாக. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் எதையும் நேராக மூக்கில் விடக் கூடாது, மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் ஏறும். முதல் வாரம் வீடு ரணகளம். வெதுவெதுப்பாக இருந்தால் எரியாது, ‘ஆ’ என்று சொல்லிக்கொண்டே விட்டால் தொண்டைக்கு இறங்காது என்று கண்டுபிடித்த பிறகு அவளே பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

இதே காரணத்துக்காக ஆற்றுக் குளியல் தடை. எங்கள் ஊரில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும்போது பிள்ளைகளைக் கரையில் நிறுத்துவது லேசான காரியமா? மேட்டூர் திறந்த வருஷம், ஆடிப் பெருக்குக்குப் படித்துறையில் காப்பரிசி தின்றுகொண்டு கால் மட்டும் நனைத்தாள். முகத்தை உப்பி வைத்துக்கொண்டுதான்.

அம்மா இன்னொரு வேண்டுதலும் வைத்திருந்தார். வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக் காவடி எடுப்பார்கள், நோயிலிருந்து பிழைத்தவரைப் பாடையில் படுக்க வைத்துக் கோயிலைச் சுற்றித் தூக்கிவருவது. பாப்பாவுக்கு அதை நேர்ந்துவிட்டிருந்தார். அக்காவுக்கு மகளைப் பாடையில் பார்க்கிற தெம்பு இல்லை, வெயிலிலும் தூசியிலும் கூட்டத்திலும் ஆறாத மூக்கோடு படுக்க வைப்பது சரியும் இல்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது. கடைசியில் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தி, மாவிளக்குப் போட்டு முடித்தோம். பாடை பாக்கி என்று அம்மா இன்னமும் சொல்கிறார்.

ஊர்க்காரர்கள் “எடுத்தாச்சுல்ல, முடிஞ்சுது” என்கிறார்கள். முடியவில்லை. இந்த வகைக் கட்டி 30 முதல் 56 சதவீதம் பேருக்குத் திரும்ப வருவதாக மருத்துவ நூல்களில் இருக்கிறது. அதனால் எண்டோஸ்கோப் பரிசோதனை அடிக்கடி, சி.டி. முதலில் ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுக்கொருமுறை. குழந்தைக்குக் கதிர்வீச்சு வீணாகக் கூடாது என்பதால் ஒரே இடத்தில், குறைந்த அளவு கதிர்வீச்சில் எடுக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்கிறோம். பழைய படத்தோடு ஒப்பிடவும் அதுதான் வசதி. இரண்டாவது சி.டி.யில் மேல்கூரையோரம் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி. வேண்டுமென்றே விட்டுவைத்த எலும்பா, புதிதாக முளைப்பதா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது, அடுத்த படத்தில் அதே அளவில் இருந்தால் கவலையில்லை, வளர்ந்திருந்தால் சிறியதாக இருக்கும்போதே மறுபடி மூக்கு வழியாக எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கண் இப்போது சரியாக இருக்கிறது, அடையாள அட்டைக்குப் புதுப்படமும் எடுத்தாகிவிட்டது.

அடுத்த படம் தை மாதத்தில். செக்கப் தேதி வாங்கும்போது பொங்கல் வாரத்தைத் தவிர்த்துக் கேளுங்கள், டெல்டா ரயில்களில் அந்த வாரம் இடம் கிடைக்காது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, இந்தக் கட்டிக்குக் கிடையாது, கவுன்டரில் கேட்டுப் பார்த்துவிட்டேன்.